வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலி

வீட்டுக்கென வாங்கப்படும் பொருள்களில் அரிசியும் துணியும் தேவையின் பெயரால் வருகின்றன. நகையும் அலங்காரச் சாமான்களும் ஆசையின் பெயரால் வருகின்றன. சாய்வு நாற்காலியோ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதுகு நோகும் முதியவருக்கு அது தேவை. கூடத்தில் ஒய்யாரமாகப் போட்டு, வருவோர் போவோர் கண்ணில் படவேண்டும் என்று எண்ணுபவருக்கு அது ஆசை. பொருள் ஒன்று, மரம் ஒன்று, விலையும் ஒன்று. வாங்குபவரின் நெஞ்சைப் பொறுத்து ஒரு வீட்டில் அது நன்மையாகிறது. மறு வீட்டில் வீண்விரயமாகிறது.

ஒரு நாற்காலியை வாங்குவதற்கு இத்துணைச் சிந்தனை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. உண்ணும் கலம், உடுக்கும் உடை, படுக்கும் விரிப்பு ஆகியவற்றைச் சிறிய செய்திகள் என்று ஒதுக்கிய மார்க்கம் அன்று நம் மார்க்கம். ஹதீஸ் தொகுத்த பெருமக்கள் ஆடைக்கும் விரிப்புக்கும் தனிப் பாடங்களே வகுத்து வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரிய காரியத்தைவிட, நாள்தோறும் கை தொடும் சிறிய பொருளே மனிதனின் குணத்தை மெல்ல மெல்ல வார்க்கிறது. பத்தாண்டுகள் ஒருவன் எந்த இருக்கையில், எந்த நினைப்போடு அமர்ந்திருந்தான் என்பது அவனுடைய நடையிலும் பேச்சிலும் படிந்துவிடும்.

கடைக்காரர் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்பார். எந்த நிறம்? எவ்வளவு விலையில்? மெத்தை மென்மையாகவா, சற்றுக் கெட்டியாகவா? நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர் கேட்கமாட்டார். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் அமரப்போகிறவர் யார்? அவர் அமர்ந்திருக்கும்போது நிற்கப்போகிறவர் யார்?

உடலுக்கும் ஓர் உரிமை

முதலில், சுகமாக அமர்வதே பிழையா என்பதைத் தெளிந்துகொள்வோம். பக்தி என்றாலே உடலை வருத்துவதுதான் என்று கருதும் மனப்போக்கு நம்மிடையேயும் உண்டு. ஆனால் திருமறையின் ‘அல் அஃராஃப்’ அத்தியாயத்தில் 31-ஆம் வசனம் விரயத்தைத் தடுக்கிறது. அடுத்து வரும் 32-ஆம் வசனமோ, தன் அடியார்களுக்கென இறைவன் அளித்த அழகையும் நல்ல பொருள்களையும் தடைசெய்தவர் யார் என்று வினவுகிறது. அடுத்தடுத்து வரும் இவ்விரு வசனங்களையும் பிரித்துப் படிப்பவன் ஒன்று துறவியாவான், அல்லது ஊதாரியாவான். சேர்த்துப் படிப்பவனே முஸ்லிமாக வாழக் கற்கிறான்.

ஹஜ்ரத் சல்மான் (ரலி) அவர்களுக்கும் ஹஜ்ரத் அபூதர்தா (ரலி) அவர்களுக்கும் இடையே நிகழ்ந்த செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார்கள், இல்லத்தரசியைக்கூட மறந்திருந்தார்கள். விருந்தினராக வந்த சல்மான் (ரலி) அவர்களை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, பின்னிரவில் எழுப்பித் தம்மோடு தொழச் செய்தார்கள். இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு; அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடு என்பது அவர்கள் கூறிய அறிவுரையின் சாரம். செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சல்மான் சொன்னது உண்மை என்று ஏற்றார்கள். எனவே, உழைத்துக் களைத்த முதுகுக்கு ஒரு சாய்மானம் தருவது உரிமையைச் செலுத்துவதேயாகும். அதற்காக யாரும் கூசவேண்டியதில்லை.

பாயும் நாற்காலியும்

ஆயினும் நம் மனத்தில் மற்றொரு காட்சியும் நிற்கிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அண்ணலாரின் அறைக்குள் நுழைகிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் விரிப்பேதும் இல்லாத பாயில் படுத்திருக்கிறார்கள். பாயின் கோடுகள் திருமேனியில் பதிந்திருக்கின்றன. கிஸ்ராவும் கைஸரும் எத்தகைய வாழ்வில் திளைக்கிறார்கள், இறைவனின் தூதர் இந்நிலையிலா என்று உமர் (ரலி) கண்ணீர் வடிக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வுலகம், நமக்கு மறுவுலகம் என்பதில் உமக்குத் திருப்தி இல்லையா என்ற பொருளில் அண்ணலார் மறுமொழி தருகிறார்கள்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்ட செய்தி இது. முஸ்லிமில் பதிவாகியுள்ள மற்றொரு செய்தியை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் சொற்பொழிவு நிகழ்த்திக்கொண்டிருக்கும்போது அபூரிஃபாஆ (ரலி) என்பவர் வருகிறார். தாம் ஓர் அந்நியர் என்றும், மார்க்கம் என்னவென்றே அறியாதவர் என்றும், கற்றுக்கொள்ள வந்திருப்பதாகவும் கூறுகிறார். அண்ணலார் பேச்சை நிறுத்திவிட்டு அவரிடம் வருகிறார்கள். ஒரு நாற்காலி கொண்டுவரப்படுகிறது. அதன் கால்கள் இரும்பாலானவை என்று தமக்குத் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்நாற்காலியில் அமர்ந்து அந்த ஒற்றை மனிதருக்கு மார்க்கத்தைக் கற்பித்துவிட்டு, அதன் பின்னரே அண்ணலார் சொற்பொழிவை நிறைவு செய்கிறார்கள்.

பாயும் நாற்காலியும் ஆகிய இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு தெளிவு பிறக்கும். பாய்தான் புனிதம், நாற்காலி பாவம் என்று வகுப்பதற்கு இங்கே இடமில்லை. இரும்புக் கால் நாற்காலியை ஏழை அந்நியர் ஒருவரின் கல்விக்காகப் பயன்படுத்திய கைகளே ஓலைப் பாயையும் ஏற்றன. பாயில் படுத்தபோது, கிடைக்காத சுகத்துக்காக ஏங்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தபோது, கிடைத்த உயரத்தால் மனம் உயர்ந்துவிடவில்லை. பொருள் வந்தாலும் போனாலும் உள்ளம் ஒரே நிலையில் நிற்பதைத்தான் நம் முன்னோர் ‘ஸுஹ்து’ என்றார்கள். வீட்டில் நாற்காலி இல்லாதவனிடம் ஸுஹ்து இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. அண்டை வீட்டு நாற்காலியை நினைத்து அவன் உறக்கம் கெட்டுக் கிடக்கலாம்.

முதுகறிந்து வாங்குதல்

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால் அறிவோடு வாங்கவேண்டும். அறியாமையால் காசைப் பாழாக்குவதும் விரயமே.

இருக்கையின் உயரம் முதலாவது. அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியவேண்டும். பெரும்பாலோர்க்கு 16 முதல் 18 அங்குல உயரம் பொருந்தும். அடுத்தது ஆழம். முதுகு சாய்மானத்தில் படிந்த நிலையில், முழங்காலின் பின்குழிவுக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அளவு இடைவெளி வேண்டும். உயரமான ஆணுக்கென்று செய்த நாற்காலியில் உயரம் குறைந்த பெண்மணி அமர்ந்தால், முதுகு சாய்மானத்தைத் தொடாது; தொட்டால் கால் தரையைத் தொடாது. வீட்டில் அதை மிகுதியாகப் பயன்படுத்தப் போகிறவர் உம்மாவாக இருக்க, அளவு பார்க்க வாப்பா மட்டும் கடைக்குப் போவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் வேடிக்கை. அமர்கிறவரையே கடைக்கு அழைத்துச் சென்று, கால் மணி நேரமாவது அதில் உட்காரச் செய்து பார்ப்பதே முறை.

சாய்மானம் செங்குத்தாக நிற்கலாகாது. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளின் மீது விழும் அழுத்தத்தைச் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர்கள் 1970-களில் அளந்து பார்த்தார்கள். சாய்மானம் பின்னோக்கிச் சரியச் சரிய அவ்வழுத்தம் குறைவதையும், இடுப்பின் வளைவுக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் மேலும் குறைவதையும் கண்டார்கள். படிப்பதற்கும் பேசியிருப்பதற்கும் 100 முதல் 110 பாகை வரையுள்ள சாய்வு போதும். அதற்கு மேல் சாய்ந்தால் கண் புத்தகத்தை விட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிடும், பிறகு உறக்கம்தான்.

முதியவர்களுக்குப் பார்க்கவேண்டியது மற்றொன்று. உட்கார்வது அவர்களுக்கு எளிது, எழுவதுதான் கடினம். கித்தான் துணி கட்டிய பழைய சாய்வு நாற்காலியில் உடல் தாழ்ந்து, முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடுகிறது. மூட்டுவலி உள்ளவர் யாராவது கைகொடுத்தாலன்றி அதிலிருந்து எழ இயலாது. ஆகவே அவர்களுக்கு இருக்கை சற்று உயரமாகவும், மெத்தை கெட்டியாகவும், கைப்பிடிகள் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டு, ஊன்றி எழ வாகாகவும் இருக்கவேண்டும். ஒளுச் செய்ய ஒரு நாளில் ஐந்து முறை எழவேண்டிய மனிதருக்கு, எழமுடியாத நாற்காலியைப் பரிசளிப்பது அன்பின் பெயரால் செய்யும் தொல்லையாகும்.

பொருளின் தரம் பற்றியும் ஒரு சொல். கடற்கரை ஊர்களில் ரெக்ஸின் உறை வியர்வையில் ஒட்டும். சில ஆண்டுகளில் உரியும். பிரம்புப் பின்னல் காற்றோட்டம் தரும்; தொய்ந்துவிட்டால் அடிப்பக்கத்தை நீரால் நனைத்து உலரவிட்டாலே ஓரளவு இறுகும். தேக்கு மரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் அண்டாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பார்வைக்குப் பளபளக்கும். ஒரு மழைக்காலத்தின் ஈரத்தில் உப்பிவிடும். பர்மாவில் வாணிகம் செய்த நம் முன்னோர் காலத்துத் தேக்கு நாற்காலிகள் மூன்று தலைமுறைகளுக்குப் பிறகும் சில வீடுகளில் அசையாமல் நிற்கின்றன. விலை குறைந்தது என்று ஐந்தாண்டுக்கு ஒன்றாக வாங்கி எறிவதா, ஒருமுறை நல்லதாக வாங்கிப் பேரனுக்கு விட்டுச் செல்வதா என்று கணக்கிட்டால், சிக்கனம் எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

அழகா, ஆடம்பரமா?

நாற்காலி அழகாகவும் இருக்கலாமா என்றால், தாராளமாக இருக்கலாம். நெஞ்சில் அணுவளவு பெருமை உள்ளவன் சுவனம் நுழையான் என்று அண்ணலார் (ஸல்) எச்சரித்தபோது, நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டார். இறைவன் அழகன், அழகை விரும்புபவன் என்று விளக்கிய பெருமானார், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாக நோக்குவதும்தான் என்று எல்லை வகுத்தார்கள். எத்துணை நுட்பமான எல்லை! அழகு பொருளில் இருக்கிறது. பெருமை பார்வையில் இருக்கிறது.

நம் சமுதாயத்தில் அழகை விளைவித்த கைகளுக்குக் குறைவில்லை. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கிழித்து, பட்டுப்போல் மடிக்கத்தக்க பாய்களை நெய்யும் பத்தமடைக் கைவினைஞர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களே. மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் அங்கே உண்டு. எளிய புல்லை இத்துணை அழகாக்கத் தெரிந்த சமுதாயம், அழகு என்பது விலையில்தான் இருக்கிறது என்று இன்று நம்பத் தலைப்பட்டிருப்பது வருந்தத்தக்கது.

அழகுக்கும் ஆடம்பரத்துக்கும் இடையே கோடு எங்கே என்று கேட்பவர்கள் தம்மையே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். விருந்தினர் எவரும் ஒருபோதும் கூடத்துக்குள் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் இதே நாற்காலியை வாங்குவேனா? ‘ஆம்’ என்றால் அது நம் தேவைக்கும் நம் இரசனைக்கும் வாங்கப்படுகிறது. ‘இல்லை’ என்றால், பிறர் கண்களில் அமர்வதற்காக அது வாங்கப்படுகிறது. மரத்தில் அமர்ந்தால் முதுகு ஓய்வு பெறும். பிறர் கண்ணில் அமர்ந்தவனுக்கு ஓய்வே கிடையாது. அடுத்த வீட்டில் இதைவிடப் பெரிதாக ஒன்று வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஒரு விரிப்பு கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்துடைய நபிமொழி முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் அதன் உட்பொருளைக் காணவேண்டும். வீட்டாரின் தேவை, துணையின் தேவை, வருகிறவரின் தேவை என்ற மூன்றும் நிறைவேறிய பிறகு, யாருக்கும் பயன்படாமல் காட்சிக்காகவே கிடக்கும் பொருள் எவனுக்கு உரியது என்பதே அங்கே சொல்லப்படுகிறது. உறை போர்த்தி, குழந்தைகள் தொடலாகாது என்று விரட்டி, யாரும் அமராமல் வைத்திருக்கும் விலையுயர்ந்த இருக்கைகள் இன்று எத்தனை கூடங்களில் கிடக்கின்றன!

தவணை முறையைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. வட்டிக்குக் கடன்பட்டு வாங்கிய நாற்காலி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதில் அமர்பவனுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? வட்டியை இறைவன் விலக்கியிருக்கிறான் என்பதை அறிந்த குடும்பம், ஓய்வுக்கென வாங்கும் பொருளையே உறக்கம் கெடுக்கும் கடனாக மாற்றிக்கொள்ளலாகாது. ஆறு மாதம் சேமித்து வாங்கினால், அந்த ஆறு மாதமும் பாயில் அமர்வதால் நம் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

யார் அமர்வது?

இனி நான்காவது கேள்விக்கு வருவோம்.

தோப்பில் முஹம்மது மீரான் எழுதி, 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற புதினத்தின் பெயரே ‘சாய்வு நாற்காலி’. பழம்பெருமை பேசும் ஒரு குடும்பத்தலைவர் அந்நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். வீடு அவரைச் சுற்றிச் சரிகிறது. அந்நூலைப் படித்த நம்மவர் பலர், அது தம் ஊர்க் கதை என்றே உணர்ந்தார்கள். உழைப்பின் இடைவேளையில் வரும் ஓய்வு வேறு. உழைப்பையே அறியாத ஓய்வு வேறு. முன்னது சல்மான் (ரலி) சுட்டிய உரிமை. பின்னது பிறர் உழைப்பின்மீது சாய்ந்திருத்தல்.

அத்தகைய பெருங்குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. ஆனால் அந்நாற்காலியின் சிறிய வடிவம் பல இல்லங்களில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு நல்ல இருக்கை, அது ஆணுக்கு. பஜ்ருக்கு முன் எழுந்து, இஷாவுக்குப் பின்னும் அடுக்களையில் நிற்கும் பெண்ணுக்கு, நின்ற நேரம் போக மிஞ்சியது தரையோ படிக்கட்டோ. மாமனாருக்கு எதிரே மருமகள் நாற்காலியில் அமர்வதை மரியாதைக் குறைவு என்று கருதும் வீடுகளும் உண்டு. இவ்வழக்கத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுபவர்கள் ‘யாஸீன்’ அத்தியாயத்தின் 56-ஆம் வசனத்தைச் சற்று நின்று ஓதட்டும். சுவனவாசிகள் தங்கள் துணைவியரோடு நிழலில் சாய்வு இருக்கைகளில் சாய்ந்திருப்பதாக அங்கே சொல்லப்படுகிறது. கணவன் சாய்ந்திருக்க மனைவி பக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்பதாகச் சொல்லப்படவில்லை. சுவனத்தில் ஒன்றாக அமரப்போவதாக நம்புகிறவர்கள் கூடத்தில் ஒன்றாக அமரக் கூசுவானேன்?

அப்படியானால் வாப்பாவின் நாற்காலி என்று ஒன்று இருக்கவே கூடாதா, பெரியவர்களுக்கென்று ஒரு தனி இடம் வேண்டாமா என்ற கேள்வி எழும். இது நியாயமான கேள்வி. ஒருவருடைய வீட்டில் அவருக்கென்றுள்ள கண்ணியமான இருக்கையில் அவர் அனுமதியின்றி மற்றவர் அமரலாகாது என்று நபிமொழி இருக்கிறது. வீட்டாருக்கு ஒரு தனியிடம் உண்டு என்பதை மார்க்கம் ஏற்கிறது. அதைக் காக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கிறது. அந்த இடத்தில் இருப்பவரின் பொறுப்பு வேறு. தமக்காகப் பிறர் எழுந்து நிற்பதை அண்ணலார் விரும்பியதில்லை. அதை அறிந்த தோழர்கள், உயிரினும் மேலாக நேசித்தும், அவர்களைக் கண்டு எழுவதில்லை என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஒருவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் அமர்வதும் தடுக்கப்பட்டிருக்கிறது. பிறர் மனமுவந்து தரும் கண்ணியம் பிள்ளைகளுக்குப் பண்பைக் கற்பிக்கும். அதட்டிப் பெறும் கண்ணியம் அவர்களுக்கு அச்சத்தை மட்டுமே கற்பிக்கும். அச்சம் நீங்கிய மறுநாள் அந்த நாற்காலி திண்ணைக்குப் போய்விடும்.

இவையெல்லாவற்றுக்கும் முடிவு கூறும் நிகழ்ச்சி ஒன்று புகாரீயில் இருக்கிறது. ளிமாம் பின் ஸஃலபா (ரலி) என்பவர் ஒட்டகத்தில் வந்து இறங்கிப் பள்ளிவாசலுக்குள் நுழைந்து, உங்களில் முஹம்மது யார் என்று கேட்கிறார். அவ்வேளையில் பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களின் நடுவே சாய்ந்து அமர்ந்திருந்தார்கள். சாய்ந்துதான் இருந்தார்கள், ஆயினும் வந்தவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாய்ந்திருந்த இந்த வெண்ணிறத்தவர்தாம் என்று தோழர்கள் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. உண்ணும்போது சாய்ந்தமர்வதில்லை என்று கட்டுப்படுத்திக்கொண்ட அதே அண்ணலார், தோழர் நடுவே ஓய்வாகச் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வு அவர்களை மற்றவர்களிலிருந்து உயர்த்திப் பிரிக்கவில்லை. நாம் வாங்கும் நாற்காலிக்கும் இதுவே உரைகல். கூடத்துக்குள் புதிதாக நுழைபவர், இருக்கையைப் பார்த்தே இன்னார் எசமானர், இன்னார் அடிமை என்று கண்டுகொண்டால், அந்நாற்காலியில் ஏதோ ஒரு கோணல் இருக்கிறது.

நிற்பவர்களின் கணக்கு

வீட்டோடு கணக்கு முடிந்துவிடவில்லை. நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போர் மிகுதி. துணிக்கடை, பாத்திரக்கடை, காலணிக்கடை எனப் பல ஊர்களின் கடைவீதிகளில் நம்மவர் பெயர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கும் வருவாய் அக்கடைகளிலிருந்தே வருகிறது. அங்கே காலையில் வந்து இரவு வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டும் பெண்களும் இளைஞர்களும் எங்கே அமர்கிறார்கள்? வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் சுவரில் சாய்ந்து நிற்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. கால் வீக்கமும் நரம்புச் சுருளும் அவர்களுக்குத் தொழிலின் கூலியாகக் கிடைத்தன.

கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைகளில் பணியாற்றிய பெண்கள் அமரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். அதன் பயனாக அம்மாநிலத்தில் 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை அளிப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஓர் இருக்கைக்காகச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நாம் வெட்கமுற வேண்டாமா? உங்களிடம் பணிசெய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு ஊட்டுங்கள், உடுப்பதை உடுத்தச் செய்யுங்கள் என்ற கட்டளை நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைத் தம்மோடு அமரச் செய்யவேண்டும். அது இயலாவிட்டால் ஒரு கவளமாவது அவருக்கு ஊட்டவேண்டும், வெப்பத்தையும் புகையையும் தாங்கியவர் அவரல்லவா என்ற கருத்தும் நபிமொழியில் வந்துள்ளது. அமரச் செய்வது அங்கே முதற்கட்டளை. கவளம் அதற்கு மாற்றுத்தான்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக எண்ணுவார்கள், வேலையில் சுணக்கம் வரும் என்று முதலாளிகள் கூறுவது உண்டு. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் எழுவது மரியாதை. எவரும் வராத வேளையில் வெறுமனே நிற்பதால் யாருக்கு என்ன மரியாதை? ஓய்ந்த கால்களோடு முகமலர்ச்சியாகத் துணி காட்டுபவர், வலித்த கால்களோடு சலிப்பாகக் காட்டுபவரைவிடக் கூடுதலாகவே விற்பார். இலாபக் கணக்கே பார்த்தாலும் ஒரு முக்காலியின் விலை நட்டமாகாது. வீட்டுக்குச் சாய்வு நாற்காலி வாங்கும் கடை முதலாளி, அதே வண்டியில் கடைக்கும் நான்கு முக்காலிகளை ஏற்றிவந்தால், அவருடைய நாற்காலி அன்றிரவு இன்னும் சற்று மென்மையாக இருக்கும்.

எழுந்திருத்தல்

இறுதியாக, நல்ல நாற்காலியின் சிறப்பு அமர்வதில் பாதி, எழுவதில் பாதி. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களுக்கு, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களைவிட இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. நிற்பவரை நில்லாமல் அமரச் செய்வது எவ்வளவு தேவையோ, அமர்ந்தே கிடப்பவரை எழச் செய்வதும் அவ்வளவு தேவை. ஒருவருக்கு மிஞ்சிய அமர்வும் மற்றொருவருக்கு மிஞ்சிய நிற்றலும் ஒரே அநீதியின் இரு முனைகள்.

எழுவதற்கு நமக்குக் கடிகாரம் தேவையில்லை; பாங்கொலி இருக்கிறது. அண்ணலார் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இல்லத்தில் அவர்கள் இருந்த நிலையைப் பற்றிக் கேட்டவருக்குக் கிடைத்த பதிலில், அமர்ந்திருந்த இருக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே, நல்ல நாற்காலி ஒன்றை வாங்குங்கள். வசதிக்குள் வாங்குங்கள், கடனின்றி வாங்குங்கள், முதுகுக்கும் வயதுக்கும் ஏற்றதாக வாங்குங்கள், கண்ணுக்கு அழகாகவும் இருக்கட்டும். இயன்றால் அதற்கு இணையாக இன்னொன்றும் வாங்கி, எதிரும் புதிருமாகப் போடுங்கள். இல்லத்தரசியோ விருந்தினரோ சமமாக அமர்ந்து பேச அது உதவும். இயலாவிட்டால் உள்ள ஒன்றையே முறைவைத்து அமருங்கள். அதிகம் உழைத்தவர் எவரோ, அன்றைய முதல் முறை அவருக்கு. பெரும்பாலான வீடுகளில் அவர் யார் என்பது நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.